வீட்டு சானா அறையில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுக்குள் சானா அறை (மின்ஹீட்டரும் அதன்மேல் அடுக்கிய கற்களும் சூடேற்றும் காற்றில் உட்கார்ந்து வியர்க்கும் மர அறை) கட்டிக்கொண்டவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹீட்டர் சரியில்லை, மாற்ற வேண்டும்." நான் போய்ப் பார்த்த அறைகள் பெரும்பாலானவற்றில் ஹீட்டரில் ஒரு பழுதும் இருந்ததில்லை. சுவரிலோ, கூரையின் உயரத்திலோ, மின்கம்பியின் கனத்திலோ, காற்று புகும் துளையிலோதான் கோளாறு இருந்தது. அதாவது அறையை வரைந்த தாளிலேயே அது உட்கார்ந்திருந்தது. ஹீட்டரோடு வரும் கையேட்டையும் அப்படியே நம்ப முடிவதில்லை. குளிர்நாட்டு வீட்டின் உலர்ந்த காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தக் கையேடு, ஆண்டில் பல மாதங்கள் ஈரத்தைச் சுமந்து வரும் நம் கடற்காற்றுக்குச் சில இடங்களில் பொருந்தாது. ஆகவே இங்கே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறையில் தெரியும் அறிகுறியிலிருந்து படிக்கத் தொடங்கலாம், ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

பழுது பார்க்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

முதல் அளவு வெப்பநிலை. வெப்பமானியை ஹீட்டருக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி மாட்டியிருந்தால் அது 100 டிகிரி காட்டும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சூடு அதைவிட வெகுவாகக் குறைவாக இருக்கலாம். மேல் பலகையில் உட்கார்ந்தால் உங்கள் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஹீட்டருக்கு எதிர்ச்சுவரில் மாட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, ஹீட்டர் ஓடும்போது அதன் முனையில் இருக்கும் மின்னழுத்தமும் அது இழுக்கும் ஆம்பியரும். இதை எலக்ட்ரீஷியன்தான் எடுக்க வேண்டும். கிளாம்ப் மீட்டர் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஏனென்றால் அந்த இரண்டு எண்கள் இல்லாமல் அவர் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, அறையின் கொள்ளளவு. நீளம், அகலம், உயரத்தோடு, மரமும் வெப்பத்தடுப்பும் இல்லாமல் வெறுமனே விட்ட செங்கல் சுவர், டைல்ஸ், கண்ணாடி ஆகியவற்றின் பரப்பையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறை 60 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது

6 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 26 ஆம்பியர் இழுக்க வேண்டும். அளந்த எண்களைக் கொண்டு காரணத்தைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

மின்னழுத்தம் 230 ஆகவே இருந்து, ஆம்பியர் மட்டும் 17 அளவில் நின்றால், உள்ளே இருக்கும் மூன்று எலிமென்ட்களில் ஒன்று போய்விட்டது. இது ஒன்றுதான் உண்மையிலேயே ஹீட்டரின் பழுது. எலிமென்ட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஹீட்டரையும் மாற்றத் தேவையில்லை.

மின்னழுத்தம் 200, ஆம்பியர் 22 அல்லது 23 என்று வந்தால் ஹீட்டர் நலமாகத்தான் இருக்கிறது. அதற்குப் போதிய தீனி போகவில்லை. எலிமென்ட் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவதால், 230 வோல்ட்டில் 6 கிலோவாட் தரும் ஹீட்டர் 200 வோல்ட்டில் நாலரை கிலோவாட்தான் தரும். 190க்கு இறங்கினால் நாலு கிலோவாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில், காலை ஆறு மணிக்கு நாற்பது நிமிடத்தில் 80 டிகிரியை எட்டிய அறை இரவு எட்டு மணிக்கு ஒன்றரை மணி நேரம் ஓடியும் 62ஐத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றியிருந்தார். தெரு முழுவதும் ஏசி ஓடும் வேளை என்பதைக் கேட்டதும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 194 வோல்ட் காட்டியது. காலையில் நன்றாகவும் இரவில் மந்தமாகவும் இருக்கும் அறைக்கு வேறெதையும் கழற்றிப் பார்க்க வேண்டாம். மும்முனை (த்ரீ பேஸ்) மின் இணைப்பு வாங்கிச் சுமையைப் பிரிப்பதே நிலையான வழி. அதுவரை காலையில் பயன்படுத்திக்கொள்வது செலவில்லாத வழி.

வீட்டுக்குள் ஓடும் கம்பியையும் இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். படுக்கையறை ஏசிக்கென்று இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சானா ஹீட்டரை மாட்டியிருப்பதை ஒரு முறைக்கு மேல் கண்டிருக்கிறேன். 6 கிலோவாட்டுக்கு மெயின் பலகையிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும், பிளக்கும் சாக்கெட்டும் கூடவே கூடாது.

மின்னழுத்தமும் ஆம்பியரும் சரியாக இருந்து, சூடு மட்டும் ஏறவில்லையென்றால் குற்றம் அறையுடையது. ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி உயரமுள்ள அறை ஏறத்தாழ ஆறு கன மீட்டர். 6 கிலோவாட் போதும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் வெப்பத்தடுப்பு இல்லாத சுவரோ கண்ணாடியோ ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 கன மீட்டர் வீதம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அழகுக்காக ஒரு பக்கச் செங்கல் சுவரை அப்படியே விட்டால் அது மூன்றேகால் சதுர மீட்டர், அதாவது நாலு கன மீட்டர் கூடுதல். கண்ணாடிக் கதவு இன்னொரு ஒன்றேகால் கன மீட்டரைச் சேர்க்கும். ஆறு என்று நினைத்த அறை பதினொன்றாகிவிட்டது! செங்கல் சுவர் தன் வயிறு நிறையச் சூட்டைக் குடித்து முடிக்கும் வரை காற்றுக்கு எதுவும் மிஞ்சாது. பெரிய ஹீட்டர் வாங்குவதைவிட அந்தச் சுவருக்குப் பாறைக் கம்பளியும் (ராக் வூல் என்னும் வெப்பத்தடுப்பு) மரப்பலகையும் அடிப்பதே மலிவு. மின்கட்டணத்தில் அது மாதாமாதம் தெரியும்.

இன்னும் ஒரு காரணம் உண்டு, காதால் பிடிக்கலாம். பலகையில் 60 டிகிரி இருக்கும்போதே கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'டக்' என்று ஒலி கேட்டு ஆம்பியர் பூச்சியமாகிவிட்டால், உணரி தவறான இடத்தில் இருக்கிறது. கையேடு சொன்ன இடத்தை விட்டு, ஹீட்டரின் சூடு நேராக அடிக்கும் இடத்தில் அதைப் பொருத்தியிருப்பார்கள். அது சுட்டுக்கொண்டு, அறையே சூடாகிவிட்டதாக நினைத்து ஹீட்டரை அணைத்துவிடும்.

போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது

எம்.சி.பி. விழுவதும் ஆர்.சி.சி.பி. விழுவதும் வேறு வேறு. எம்.சி.பி. இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் கம்பி மெலிவு, அல்லது ஏதோ ஒரு திருகு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்சாரம் எங்கோ பூமிக்குக் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அது கட்டாயம் விழ வேண்டும், விழவில்லையென்றால்தான் அஞ்ச வேண்டும். "அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது" என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். வியர்த்து நனைந்த உடம்போடு உட்காரும் அறை அது.

எப்போது விழுகிறது என்று கவனித்தால் இடம் தெரியும். ஹீட்டரின் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் விழுந்தால், எலிமென்ட்டின் உறையில் விரிசல் இருக்கிறது, அல்லது முனைப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. சில வாரம் பூட்டி வைத்திருந்து திரும்பப் போட்டவுடன் விழுந்தால், நம் ஊரைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே காரணம்: எலிமென்ட்டுக்குள் ஈரம். கம்பிச் சுருளுக்கும் வெளி உறைக்கும் நடுவே அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதம் பயன்படுத்தாமல் விட்டாலே போதும், உப்பைத் திறந்து வைத்ததுபோல் ஊறிவிடும்.

தேவனாம்பட்டினத்தில், அலையோசை கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு வீட்டில் ஹீட்டரின் முனைப்பெட்டியைத் திறந்தபோது செம்பு முனைகளின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. அந்தப் பொருக்கைச் சுரண்டித் துடைத்து, நிறம் மாறியிருந்த இரண்டு முனைகளை மாற்றி, மெக்கர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். மூன்று எலிமென்ட்களில் இரண்டின் காப்புத்தடை ஒரு மெகாஓமுக்கும் வெகுவாகக் கீழே இருந்தது. அதற்காகப் புது எலிமென்ட் வாங்கவில்லை. உள்ளே யாரும் இல்லாமல், எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நிற்க, ஒரு நேரத்தில் ஓர் எலிமென்ட்டை மட்டும் இணைத்துச் சூடேற்றினார். மூன்றின் கசிவும் ஒன்றாகக் கூடாததால் ஆர்.சி.சி.பி. தாங்கியது, சூடு ஏற ஏற ஈரம் வெளியேறியது. மாலைக்குள் மூன்றும் சேர்ந்து ஓடின. அப்படியும் தடை ஏறாத எலிமென்ட்டைத்தான் தூக்கி எறிய வேண்டும். அதன்பின் அந்த வீட்டுக்காரருக்குச் சொன்ன மருந்து எளியது: குளிக்கிறாரோ இல்லையோ, மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரம், ஆளை அருகில் வைத்துக்கொண்டு ஹீட்டரை ஓட்ட வேண்டும்.

சூடான அறைக்குள் ஓடும் கம்பி சாதாரண பி.வி.சி. உறையுடையதாக இருந்தால் அதுவும் கசிவுக்கு ஒரு காரணம். அந்த உறை 70 டிகிரிக்கென்று செய்யப்பட்டது. கூரைக்குள் ஓடினால் முதலில் இளகி, பின்பு காய்ந்து வெடிக்கும். வெப்பம் தாங்கும் சிலிகான் உறைக் கம்பிதான் அங்கே வேண்டும்.

மரம் கறுக்கிறது, அறை புழுங்கல் வாடை அடிக்கிறது

பலகையின் மேல் மட்டும் கறுப்புப் புள்ளி என்றால் அது வியர்வையும் பூஞ்சையும். உப்புத்தாளால் தேய்த்து, இனிமேல் துண்டு விரித்து உட்கார்ந்தால் முடிந்தது. கீழ்ச்சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை கறுப்பு படர்ந்து, பலகையைத் தட்டினால் மந்தமான ஓசை வந்தால், ஒரு பலகையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது பலருக்கும் மறந்திருக்காது. அதற்கு மூன்று மாதம் கழித்து லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் சானா அறையில் வாடை என்று கூப்பிட்டார்கள். வெயில் காய்ந்துகொண்டிருந்த மாசி மாதம். வெளிச்சுவர் முழுக்க உலர்ந்திருந்தது. உள்ளே கீழ்ப்பலகை இரண்டை நெம்பி எடுத்தோம். அலுமினியத் தாளைக் கிழித்ததும் கலங்கிய தண்ணீர் ஒரு கோடாக வழிந்து தரையில் இறங்கியது. கம்பளியைப் பிடித்து இழுத்த ஆசாரி, "சார், இது பஞ்சு இல்ல, ஊறப்போட்ட சாக்கு" என்றார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெளியிலிருந்து இறங்கிய மழைநீரை, சுவரோடு ஒட்டி அடைத்திருந்த பாறைக் கம்பளி உறிஞ்சி வைத்துக்கொண்டது. உள்பக்கம் அலுமினியத் தாள் அடைத்திருந்ததால் அது காய வழியே இல்லை. சானாவை ஓட்ட ஓட்ட உள்ளே வேது பிடித்ததுபோல் ஆகி, மரத்தின் முதுகு அழுகியிருந்தது.

தாளைச் சூடான பக்கம் ஒட்டியது தவறில்லை. அங்கேதான் இருக்க வேண்டும். செங்கல்லுக்கும் கம்பளிக்கும் நடுவே இடைவெளி விடாததுதான் தவறு. நம் ஊர் வெளிச்சுவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் வெளிப்பூச்சில் விரிசல் அடைத்து நீர்க்காப்பு, சுவரின் உள்பக்கம் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து முக்கால் அல்லது ஓர் அங்குலக் காற்றிடம், பிறகு இரண்டு முதல் நான்கு அங்குலப் பாறைக் கம்பளி, அதன் மேல் ஓட்டையில்லாமல் அலுமினியத் தாள், இணைப்புகளில் அலுமினிய டேப் மட்டும், மறுபடியும் அரை அங்குலக் காற்றிடம், கடைசியாக மரப்பலகை. கம்பளிக்குப் பதிலாகத் தெர்மாகோல் வைத்தவர்கள் உண்டு. சானாவின் சூட்டில் அது இளகிச் சுருங்கிப்போகும். சுவருக்குள் வெற்றிடமும் மூக்கைத் துளைக்கும் வாடையும்தான் மிஞ்சும்.

பக்கத்து அறை ஏசி படுக்கையறையாக இருந்தால் இன்னொரு வகை ஈரம் வரும். நம் கடற்கரைக் காற்றின் பனிநிலை (அதன் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல மாதங்களில் 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஏசி அந்தச் சுவரை 23 டிகிரிக்குக் குளிர்வித்தால், சானா ஓடாத வேளையில் சுவருக்குள் புகும் காற்று அங்கே வியர்க்கும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் நனைவது போலத்தான். இடம் தேர்ந்தெடுக்கும்போதே சானாவைக் குளியலறைக்கோ நடைவழிக்கோ பக்கத்தில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

குளித்து முடித்ததும் கதவைத் திறந்து வைத்து உலர்த்துங்கள் என்று கையேடு சொல்லும். கார்த்திகை மாதத்து மழைக்காற்றை உள்ளே விட்டு எதை உலர்த்துவது? துளைகளைத் திறந்து வைத்து, ஹீட்டரை இன்னும் கால்மணி நேரம் ஓட்டுங்கள். மழைக்காற்றே ஆனாலும் 60 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, மரத்திலிருந்து ஈரத்தை இழுக்கும்.

அதே 80 டிகிரிதான், ஆனால் தோல் எரிகிறது

வெளிநாட்டில் சானா பழகியவர்கள் சொல்லும் குறை இது: "அங்கே 85இல் அரைமணி நேரம் உட்கார்ந்தேன், இங்கே 80இலேயே முடியவில்லை." வெப்பமானி பொய் சொல்லவில்லை. குளிர்கால பின்லாந்தின் வீட்டுக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஐந்து கிராம் அளவுக்கே நீராவி இருக்கும். நம் மழைக்காலக் காற்றில் அது இருபது கிராமைத் தாண்டும். ஆறு கன மீட்டர் அறையில் நூறு மில்லி தண்ணீரைக் கல்லில் ஊற்றினால் கன மீட்டருக்குப் பதினேழு கிராம் கூடும். அங்கே ஒரு கரண்டி ஊற்றி எட்டும் ஈரத்தில்தான் நாம் கதவையே திறக்கிறோம். நாம் ஊற்றும் இரண்டாவது கரண்டியிலேயே நீராவி தோலின் மேல் படிந்து சுடத் தொடங்கிவிடும். எனவே 70, 75இல் தொடங்குங்கள். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: "ஆவியே வரவில்லை." இதைச் சொல்பவர்கள் மனத்தில் இருப்பது நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது. சானா அதுவல்ல, கண்ணுக்குத் தெரியும் ஆவி சூடான காற்றில் நிற்காது. அந்த ஆசைக்காகக் கல்லின் மேல் நொச்சி இலையையோ நேரடியாகத் தைலத்தையோ போட்டால் தீப்பிடிக்கும். மணம் வேண்டுமானால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தைலம் போதும். ஆவியில் நனைவதுதான் விருப்பம் என்றால், நீங்கள் கட்டியிருக்க வேண்டியது நீராவி அறை. சானாவை அப்படி மாற்ற முயன்றால் மரம் அழுகும்.

தலை கொதிக்கிறது, கால் சில்லென்று இருக்கிறது

சூடு மேலே தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலகையை வழக்கமான நாற்காலி உயரத்தில், ஒன்றரை அடியில் போட்டுவிடுகிறோம். கால் வைக்கும் பலகை ஹீட்டரின் கல்மட்டத்துக்கு மேலேயும், உட்காரும் பலகை கூரையிலிருந்து மூன்றரை முதல் நான்கு அடி கீழேயும் இருக்க வேண்டும். நம் வீடுகளின் பத்தடி உயரத்தை ஏழடிக்கு இறக்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை. எட்டடியில் பொய்க்கூரை அமைத்து, உட்காரும் பலகையை நாலரை அடியிலும் கால்பலகையை மூன்றடியிலும் போட்டு, ஏறக் கைப்பிடியுடன் படி வைத்தால், கால் கல்மட்டத்துக்கு மேலே வந்துவிடும். கொள்ளளவு கூடுவதால் ஹீட்டர் கணக்கை மறுபடி போட வேண்டும், அவ்வளவே. குளியலறைகளில் அடிக்கும் பி.வி.சி. பலகையை மட்டும் இந்தக் கூரைக்கு அடித்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே தொட்டில்போல் தொங்கும்.

மூச்சு முட்டுகிறது, தலை வலிக்கிறது

முதலில் வெளியே வாருங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம். இதய நோய், இரத்த அழுத்தம், கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது. புதுச்சேரியில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குடித்துவிட்டு சானாவில் உட்காராதீர்கள், கோப்பையோடும் உட்காராதீர்கள்.

அறையின் குறை என்றால் அது காற்றோட்டம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஆறு முறையாவது அறைக்காற்று மாற வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் நாலங்குல உள்துளையும், எதிர்ச்சுவரில் பலகைக்கு அடியில் வெளித்துளையும் தேவை. நான் பார்த்த அறைகளில் துளை இருக்கும், ஆனால் கொசு வருகிறதென்று துணி அடைத்திருப்பார்கள்; அல்லது நைலான் கொசுவலை அடித்து, அது தூசியால் மூடிப்போயிருக்கும். துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். காற்று ஓடுகிறதா என்பதை ஹீட்டர் ஓடும்போது ஓர் ஊதுபத்தியை வெளித்துளை அருகே பிடித்துப் பார்க்கலாம்: புகை துளைக்குள் இழுபட வேண்டும். நேராக மேலே போனால் காற்றோட்டம் இல்லை. சிறிய விசிறி ஒன்று தேவைப்படும்.

துளை சரியாக இருந்தும் கண் எரிந்தால் மரத்தைப் பாருங்கள். பலகைக்குப் பின்னால் ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். இருந்தால் அதன் பசை சூட்டில் ஆவியாகும். "சார், ஒரு கோட்டு பாலீஷ் போட்டா தங்கமா இருக்கும்" என்று ஆசாரி ஆசையோடு கேட்பார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். தேக்கு வைத்தால்தான் மதிப்பு என்பதும் இந்த அறைக்குப் பொருந்தாது. அடர்த்தியான மரம் தோலுக்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உட்காரும் பலகைக்குக் கனமில்லாத, பிசின் இல்லாத, கணு இல்லாத மரமே ஏற்றது. திருகுகளைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு திருகுத்தலையும் ஒரு சூடு போடும்.

ஹீட்டர் நடுவில் தானாக அணைந்துவிடுகிறது

அதிவெப்பக் காப்பு விழுந்திருக்கிறது. அதை மீட்டமைக்கும் பொத்தான் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் அழுத்தக் கூடாது. கற்களை நெருக்கமாக அடுக்கி, காற்று மேலேற வழியில்லாமல் செய்திருப்பதே முதன்மைக் காரணம். எல்லாக் கற்களையும் எடுத்துவிட்டு, பெரியவற்றைக் கீழே நிறுத்தி வைத்து, எலிமென்ட் வெளியே தெரியாமலும் அதேசமயம் இறுக்காமலும் மறுபடி அடுக்குங்கள். ஆறு கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 20 கிலோ கல் பிடிக்கும்.

இரண்டாவது காரணத்தை எழுதவே அச்சமாக இருக்கிறது. மழைக்காலத்தில் துணி காயவில்லை என்று சானா அறையில் கொடி கட்டுகிறார்கள். ஹீட்டர் மேல் ஒரு துண்டு விழுந்தால் போதும். காப்பு விழுவதற்குள் தீ பிடித்துவிடலாம். செல்பேசியிலிருந்து போடும் வசதியுள்ள ஹீட்டர் என்றால், உள்ளே துணி கிடப்பது தெரியாமலே வெளியிலிருந்து போட்டுவிடுவீர்கள். அந்த அறையில் கொடிக்கு இடமே இல்லை.

கல் வெடிக்கிறது, தண்ணீர் ஊற்றினால் சீறுவதில்லை

வானூர்ப் பக்கத்துக் குவாரி ஜல்லியும், ஆற்றுக் கூழாங்கல்லும், கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் சானாவுக்கு ஆகாது. குவார்ட்ஸ் கலந்த கல் 573 டிகிரியில் சட்டென்று விரிந்து பிளக்கும். எலிமென்ட்டை ஒட்டிய கல் அந்தச் சூட்டை நெருங்கக்கூடும். கூழாங்கல்லுக்குள் சிக்கிய ஈரமும் அதை வெடிக்க வைக்கும். ஹீட்டரோடு வரும் ஆலிவின் டயபேஸ், பெரிடோடைட் வகைக் கற்களையே போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, உதிர்ந்தவற்றைக் கழித்து மாற்றுங்கள். சீறல் இல்லையென்றால் கல் இன்னும் சூடாகவில்லை. காற்று 80ஐ எட்டிய பிறகும் கல்லுக்கு இன்னொரு கால்மணி தேவை.

கல்லின் மேல் வெள்ளைப் படலம் இருந்தால் அது ஆழ்துளைக் கிணற்று உப்பு. குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்பதுண்டு. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தாலே அதைத் தாண்டிவிட்டது. ஒரு குளியலுக்கு ஒரு லிட்டர்கூடத் தேவைப்படாது; குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றிவிடலாம்.

ஆணியும் கீலும் துருப்பிடிக்கின்றன

'எஸ்.எஸ்.' என்று சொல்லி விற்கும் திருகில் பெரும்பகுதி 202 தரம். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, 202இலும் ஒட்டாது. 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடலைப் பார்த்த வீடானால் 316.

மழைக்காலத்தில் கதவு சிக்குகிறது

சானாக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தாழ்ப்பாளோ பூட்டோ இருக்கக் கூடாது, உருளைப் பிடிப்பு அல்லது காந்தம் மட்டும் போதும், உள்ளே மயங்கிச் சாய்ந்தவர் தள்ளினாலும் திறக்கும்படி. சிக்கும் கதவு இந்த அறையில் தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. எனவே மழையில் மரம் ஊதிக் கதவு சிக்கத் தொடங்கினால், அது சரியாகும் வரை சானாவைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் உடனே இழைப்புளி எடுக்கவும் வேண்டாம். யாரும் உள்ளே இல்லாமல், கதவைத் திறந்தே வைத்து, பக்கத்தில் இருந்தபடி இரண்டு நாள் அரைமணி நேரம் ஹீட்டரை ஓட்டி மரத்தை உலரவிட்டுப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் கீலின் திருகைத் தளர்த்தி நிலையைச் சரிசெய்து, தை பிறந்த பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். கார்த்திகையில் இழைத்த கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும்.